ஊதிவிட்டு உள்ளே வருகிறவர்

என் வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்தால் நேராக உள்ளே நுழைய முடியாது. வாசல்படியில் நின்று, குனிந்து, என் முகத்துக்கு நேரே வாயைத் திறந்து ஊத வேண்டும். நான் மோந்து பார்ப்பேன். வெற்றிலை, சாயா, சில நாள் பழம்பொரி, அவ்வளவுதான் என்றால் நகர்ந்து வழி விடுவேன். ஆறு வருஷமாக இப்படித்தான் நடக்கிறது. மட்டாஞ்சேரியில் எங்கள் சந்தில் இருக்கிற அத்தனை பேருக்கும் இது தெரியும். ரோட்டில் வண்டியை நிறுத்தி ஊதச் சொல்லும் போலீஸ்காரன் பெயரைத்தான் எனக்கு வைத்திருக்கிறார்கள். சிரிக்கட்டும். சிரிக்கிறவர்கள் யாரும் நான் பட்ட பாட்டைப் பட்டதில்லை.

அவர் பெயர் இசக்கிதுரை. புருஷன் பெயரைச் சொன்னால் ஆயுசு குறையும் என்பார்கள் எங்கள் சங்கரன்கோவில் பக்கத்தில். அவர் குடித்த குடிக்குக் குறையாத ஆயுசா நான் பெயரைச் சொல்லிக் குறையப் போகிறது? கல்யாணம் முடிந்த கையோடு கட்டட வேலைக்கு என்று என்னையும் கூட்டிக்கொண்டு கொச்சிக்கு வந்தவர். வேலை நன்றாகத் தெரியும். சம்பளம் கையில் விழுந்ததும் கால் கடைப்பக்கம் போய்விடும். ஒரு தடவை காலையிலேயே குடித்துவிட்டுச் சாரத்தில் ஏறி, மேலேயிருந்து மணல் குவியலில் விழுந்தார். மணலாக இருந்ததால் இந்தக் கதையைச் சொல்கிறேன்.

அதற்குப் பிறகுதான் ஊருக்கு இழுத்துக்கொண்டு போய்க் கயிறு கட்டினேன். எங்கள் பக்கம் அம்மன் கோயில்களில் இது உண்டு. குடியை விடுகிறவன் எலுமிச்சம்பழம் வைத்துக் கும்பிட்டு, இத்தனை நாளைக்குத் தொடமாட்டேன் என்று சொன்னால் பூசாரி மணிக்கட்டில் கறுப்புக் கயிறு கட்டிவிடுவார். கயிறு கையில் இருக்கிற வரைக்கும் சாராயத்தைத் தொடக்கூடாது. சில மகராசன்கள் கொழுந்தியாள் கல்யாணம் வருகிறது என்று போய்க் கயிற்றை அவிழ்த்துவிட்டு, விருந்து முடிந்ததும் மறுபடி கட்டிக்கொள்வார்கள். அதையும் பார்த்திருக்கிறேன். பூசாரி இவரிடம், “எத்தன மாசத்துக்கு?” என்று கேட்டார். இவர் வாயைத் திறப்பதற்குள் நான், “ஆயுசுக்கும்” என்று சொல்லிவிட்டேன். இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார், கையை நீட்டினார். கயிறு நைந்து போகும்போதெல்லாம் போய்ப் புதிதாகக் கட்டி வருவோம்.

திரும்பி வந்து சாரம் ஏற நான் விடவில்லை. கப்பலண்டிமுக்கில் தள்ளுவண்டி போட்டுப் பழம் விற்கிறார். நான் வீட்டில் கிரைண்டர் வைத்து இட்லி மாவு ஆட்டிக் கடைகளுக்குக் கொடுக்கிறேன். இந்தத் தெருவில் பாதிப் பேர் என் மாவில்தான் தோசை சுடுகிறார்கள், பெருமைக்குச் சொல்லவில்லை. மாவை எப்போதும் கையால்தான் கலப்பேன். கரண்டி போட்டால் எனக்குப் பிடிக்காது. கைச்சூடு பட்டால்தான் மாவு ஒழுங்காகப் பொங்கும் என்பது என் கணக்கு. இதைக் காது புளிக்க அவரிடமும் சொல்லியிருக்கிறேன். வந்த வினையே அதில்தான்.

போன ஓணம் முடிந்து ஒரு வாரம் விடாமல் மழை. சிம்லா ஆப்பிள் மலிந்து கிடந்த நேரம், இவர் பெட்டி பெட்டியாக எடுத்து வைத்திருந்தார். குடை பிடித்துக்கொண்டு ஆப்பிள் வாங்க யார் வருவார்கள்? பழம் எல்லாம் தொட்டால் அமுங்க ஆரம்பித்தது. ஸாதனா என்று ஒரு பெண், பாலக்காட்டு ஐயர் வீட்டுப் பிள்ளை, இடப்பள்ளியில் வேலை, இவரிடம்தான் பழம் வாங்குவாள். “அண்ணா, இதை வெச்சு ஆப்பிள் சைடர் வினிகர் ஆக்கலாமே! அம்மா டெய்லி வெந்நீர்ல விட்டுக் குடிக்கறா. கடையில அது என்ன வெலைங்கறேள்!” என்று சொல்லி, எப்படிப் போடுவது என்று ஒரு வீடியோவையும் இவர் போனுக்கு அனுப்பிவிட்டாள். வீடியோ முழுக்க இங்கிலீஷ். இவர் சத்தத்தை அணைத்துவிட்டு, அந்த வெள்ளைக்காரனின் கை என்ன செய்கிறது என்று மட்டும் பார்த்துக் கற்றுக்கொண்டார். நல்ல படிப்பு!

பின்வீட்டுப் பிலோமினா சேச்சியிடம் கிறிஸ்மஸுக்கு ஒயின் போடும் பெரிய கண்ணாடிப் பரணியை இரவல் வாங்கியிருக்கிறார். அழுகினதை வெட்டி எறிந்துவிட்டு, நல்ல பாகத்தை நறுக்கி நசுக்கி, கொதித்து ஆறிய தண்ணீர், சர்க்கரை, ரொட்டிக் கடையில் வாங்கிய ஈஸ்ட் ஒரு சிட்டிகை எல்லாம் சேர்த்துத் துணியால் வாய் கட்டி, வண்டி நிறுத்தும் சாய்ப்பில் தார்ப்பாய்க்குப் பின்னால் வைத்துவிட்டார். இவ்வளவும் எனக்குத் தெரியாமல்.

ஒரு மத்தியானம் வாளி எடுக்கச் சாய்ப்புக்குப் போனேன். கதவைத் தள்ளியதும் மூக்கில் ஏறியது. இனிப்பும் கிறுகிறுப்புமாக ஒரு வாடை. எத்தனை வருஷம் அந்த வாடைக்குக் கதவு திறந்தவள் நான், எனக்கா தெரியாது? மழைக்கு வண்டியை ஓரம் கட்டிவிட்டு வந்தவர், குத்த வைத்துப் பரணி முன்னால் உட்கார்ந்திருந்தார். வலது கை மணிக்கட்டு வரைக்கும் பரணிக்குள் இருந்தது. தராசு மாட்டும் ஆணியில் கறுப்புக் கயிறு தொங்கியது.

பரணியைக்கூட நான் சரியாகப் பார்க்கவில்லை. கயிற்றைத்தான் பார்த்தேன்.

“கயித்தக் கழட்டிட்டீங்களா?”

“ஏட்டி வள்ளி, சத்தம் போடாத. நான் குடிக்கல.”

“கையில கயிறு இல்ல, கை கள்ளுக்குள்ள கெடக்கு. குடிக்கலையாம்! யாருகிட்டச் சொல்லுதீங்க?”

“இது சுர்க்கா. வினிகர். மேல மெதக்குற பழத்த தெனமும் அமுக்கி விடணும். நீ மாவ கையாலதான கலக்குத? அதான் நானும்...” என்றார். கை இன்னும் உள்ளேதான் இருந்தது. “கயித்துல இந்தத் தண்ணி படக்கூடாதுன்னுதான் கழட்டி வச்சேன். அம்மன் கயிறுல்லா, இது அதுமேல படலாமா?”

நைந்து தளர்ந்த கயிறு, கொஞ்சம் எண்ணெய் தடவினால் கையை விட்டு வந்துவிடும். தினமும் கழற்றி, கலக்கி, கை கழுவி, மறுபடி மாட்டியிருக்கிறார். நம்புகிற மாதிரியா இருக்கிறது? குடிக்காத ஆளாக இருந்தால் நம்பலாம். இவர் பழைய நாளில் இதைவிட அழகான கதை எல்லாம் சொன்னவர். நான் அன்றைக்குச் சந்தேகப்பட்டது தப்பு என்று இன்றைக்கும் சொல்லமாட்டேன்.

என் சத்தம் கேட்டுப் பிலோமினா சேச்சி பின்மதிலுக்கு மேலே தலையை நீட்டினாள்.

“எந்தா மோளே பகளம்?” என்ன கூச்சல் என்று கேட்டாள்.

“சேச்சி, இது சுர்க்காவா கள்ளா? உள்ளத மட்டும் சொல்லுங்க.”

சேச்சி அடுத்த பக்கமாகச் சுற்றி வந்து, பரணிக்குள் மூக்கை நீட்டி மோந்து பார்த்தாள். “இப்போ கள்ளாணு. பின்னே சுர்க்கா ஆகும். கள்ளு ஆகாதெ எந்து சுர்க்கா?” என்றாள். அவளுக்கு அது சாதாரண விஷயம். வினிகருக்குப் போகிற வழியில் சாராயக்கடை இருக்கிறது என்று யாராவது முன்னாலேயே சொல்லியிருக்கிறார்களா? இவரும் அது தெரியாமல்தான் ஆரம்பித்திருக்கிறார். நாலைந்து நாளில் வாடை மாறியதும் தெரிந்துகொண்டார். தெரிந்த பிறகும் பழம் வீணாகிவிடுமே என்று விடாமல் கலக்கியிருக்கிறார். என்னிடம் சொல்லப் பயம்.

சேச்சி போனதும் நான் பரணியைத் தூக்கினேன். சாக்கடை வாசலிலேயே இருக்கிறது, கவிழ்த்தால் முடிந்தது. அவர் தடுக்கவில்லை. சுவரில் சாய்ந்து நின்றபடி, “ஊத்து. ஆனா என்னைய நம்பாம ஊத்தாத. வேற எதுக்காகவாவது ஊத்து” என்றார்.

கோபத்தில் இருக்கிறவளிடம் இப்படிப் பேசினால் என்ன செய்வது? பரணியைக் கீழே வைத்தேன். ஆணியிலிருந்து கயிற்றை எடுத்து அவர் கையில் போட்டு, இழுத்துச் சுற்றி, இனி எந்த எண்ணெய்க்கும் நழுவாதபடி முடிச்சுப் போட்டேன். வலித்திருக்கும்.

“சுர்க்கா ஆனா நம்புறேன். அதுவரைக்கும் இது என் பக்கத்துல இருக்கும். கலக்குறது நான். நீங்க இது பக்கம் எட்டிப் பாக்கக்கூடாது.”

“சரி.”

பரணியை உள்ளே கொண்டுவந்து கிரைண்டருக்குப் பக்கத்தில் வைத்தேன். குங்குமத்தைக் குழைத்து, தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறதோ அந்த இடத்தில் கண்ணாடிக்கு வெளியே ஒரு கோடு இழுத்தேன். அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பார்க்கட்டும் என்றுதான் இழுத்தேன்.

தினமும் மாவு கலக்கிய கையைக் கழுவித் துடைத்துவிட்டு இதையும் கலக்கினேன். உள்ளே புஸ்ஸென்று நுரை எழுந்து விரலிடுக்கில் குறுகுறுக்கும். மாவில் இப்படிக் குறுகுறுப்பு இருக்காது. உயிரோடு எதையோ தொடுகிற மாதிரி இருந்தது. கையை எடுத்தபின் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவுவேன், வாடை போகிறவரைக்கும்.

நாலு நாள் போயிருக்கும். காலையில் பார்க்கிறேன், தண்ணீர் கோட்டுக்குக் கீழே நிற்கிறது. கொஞ்சம் இல்லை, இரண்டு விரற்கடை.

அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. மாவில் உப்பை இரண்டு தரம் போட்டேன். சாயங்காலம் அவர் வந்து படியில் நின்று ஊதினார். “இன்னும்” என்றேன். ஊதினார். “இன்னும்.” மூச்சு வாங்க ஊதினார். சாயாவைத் தவிர ஒன்றும் இல்லை. அப்படியானால் தண்ணீர் எங்கே போனது? கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கோட்டைக் காட்டினேன்.

பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். “நான் எடுக்கல வள்ளி” என்றார். தட்டில் போட்ட சோற்றைத் தொடாமல் போய்ப் படுத்துக்கொண்டார். முன்பெல்லாம் குடித்துவிட்டுப் பொய் சொல்லும்போது சத்தியத்துக்கு மேல் சத்தியமாகப் பண்ணுவார், அம்மா மேல், அம்மன் மேல், என் தலை மேல். இப்போது ஒன்றுமில்லை. அதனால் நம்புவதா, அதனால்தான் நம்பக்கூடாதா? எனக்கு அழுகை வந்தது, அழவும் பிடிக்கவில்லை.

மறுநாள் மத்தியானம், கடைகளுக்குப் போட்டது போக மீதி மாவுப் பானையைத் திறந்தேன். காலையில் மூடியை முட்டிக்கொண்டு நின்ற மாவு, இப்போது பானையில் கால் பாகம் இறங்கிக் கிடந்தது. மேலே, அது நின்ற இடத்தில், பானையைச் சுற்றிக் காய்ந்த வளையம். தினமும் பார்க்கிற வளையம்தான். பொங்கினது அடங்கினால் இறங்கத்தானே செய்யும்? யாரும் எடுத்துத் தின்னாமலே இறங்கும்.

பரணியைத் திரும்பிப் பார்த்தேன். குங்குமக் கோட்டை ஒட்டி உள்பக்கம் அதே மாதிரி காய்ந்த நுரை வளையம். பழமெல்லாம் மிதப்பதை விட்டு அடியில் போய்ப் படுத்திருந்தது. நுரையும் நின்றுபோயிருந்தது.

அடி பாதகத்தி, இருபது வருஷமாக மாவு ஆட்டுகிறாயே என்று என்னையே திட்டிக்கொண்டு, போட்டது போட்டபடி குடையை எடுத்துக்கொண்டு கப்பலண்டிமுக்குக்கு நடந்தேன். அவர் வண்டிக்கு மேல் பாலித்தீன் தாளை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

“மாவு மாதிரி இறங்கியிருக்கு. பொங்கினது அடங்கிட்டு. அவ்வளவுதான்.”

என் முகத்தைப் பார்த்தார். வண்டியில் இருந்ததில் நல்ல பழமாக ஒன்றை எடுத்து, சட்டையில் துடைத்துக் கையில் கொடுத்தார். “நனையாம வீட்டுக்குப் போ” என்றார். சண்டை பிடிக்க வேண்டிய மனிதர். பிடித்திருந்தால்கூட எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

அன்றைக்கே சேச்சி வந்து துணியில் வடிகட்டிக் கொடுத்தாள். சக்கை போய்த் தேன் நிறத்தில் தெளிந்து நின்றது. இனி இனிப்பு போய்விட்டதா என்று நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டும், இனிப்பு மிச்சமிருந்தால் இன்னும் கொஞ்ச நாள் விடவேண்டும் என்றாள். அவளுக்குப் புளிப்பு ஆகாது, டாக்டர் வேண்டாம் என்றிருக்கிறார். இவர் பார்க்கக்கூடாது. மிச்சம் யார்? நான்தான். பிறந்ததிலிருந்து நாக்கில் படாத சமாச்சாரம். கண்ணை மூடிக்கொண்டு ஒரு கரண்டி எடுத்து வாயில் விட்டேன்.

நன்றாக இருந்தது.

உள்ளதைச் சொல்கிறேன், நன்றாகத்தான் இருந்தது. நாக்கில் லேசாகச் சுருக்கென்று, பழத்தின் வாசத்தோடு, தொண்டையில் இறங்கும்போது ஒரு கதகதப்பு. வேப்பெண்ணெய் மாதிரி இருக்கும், ஆம்பிளைகள் வீம்புக்குக் குடிக்கிறார்கள் என்றல்லவா இத்தனை வருஷம் நினைத்திருந்தேன்? எனக்கு ஆத்திரமாக வந்தது. இப்படி ருசியாக இருந்து தொலைக்க வேண்டுமா? சரியாகப் பார்க்க வேண்டுமே என்று இன்னொரு கரண்டி எடுத்தேன். அதற்கப்புறம் இன்னொன்று. பிறகு துணியை இறுக்கிக் கட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

சாயங்காலம் அவர் வந்தார். படியில் நின்று குனிந்து ஊதினார். நான் வழக்கம்போல முகத்தை நீட்டி, “சரி, வாங்க” என்றேன்.

அவர் முகம் மாறியது. பாம்பைக் கண்டவர் மாதிரி இரண்டடி பின்னால் போனார். என் வாயில் வாடை. மத்தியானம் குடித்தது, நானே மறந்துபோனது, அவர் மூக்குக்கு ஒரு நொடியில் தெரிந்துவிட்டது. நெற்றியில் குப்பென்று வேர்த்தது. வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டார், கயிற்றின் மேலேயே.

“வள்ளி, வாயக் கொப்புளிச்சிட்டு வா. நான் இங்கனயே நிக்கேன்.”

ஓடிப்போய் உப்புத் தண்ணீரில் கொப்புளித்தேன், கறிவேப்பிலையை மென்றேன், இஞ்சியைக் கடித்தேன். திரும்பி வந்தபோது படியில் அவர் இல்லை. சந்து முனையில், மழையில், தள்ளுவண்டியின் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். வண்டி எங்கும் ஓடிவிடாது. அவர்தான் ஓடிவிடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். அவர் ஆசுவாசமாகிறவரைக்கும் இரண்டு பேரும் நனைந்தோம்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் கயிறு கட்டியதோடு விட்டுவிட்டார் என்று நினைத்திருந்தேன். பல் பிடுங்கிய மாதிரி, ஒரு நாள் வலி, அப்புறம் ஒன்றுமில்லை என்று. இவர் தினமும் அல்லவா விட்டுக்கொண்டிருக்கிறார்! அப்படிப்பட்ட மனிதர் அந்தப் பரணிக்குள் கையை விட்டுவிட்டு, விரலைக்கூட நக்காமல் கழுவியிருக்கிறார்.

“அத ஊத்திருவோம்,” என்றேன்.

“வேண்டாம். புளிக்கட்டும்,” என்றார்.

பரணியைச் சேச்சி வீட்டு அடுக்களைக்கு மாற்றினோம். நான் மாவு வேலை முடிந்ததும் போய் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பேன், அங்கேயே துப்பிவிட்டு வாய் கொப்புளித்துவிட்டு வருவேன். மேலே கஞ்சி ஆறினால் படிகிற ஆடை மாதிரி ஒரு தோல் படிந்தது. அதைக் கலைக்காதே என்றாள் சேச்சி. கிறுகிறுப்பு குறைந்து குறைந்து வந்தது. மழை நின்று, ஆரஞ்சு சீசன் தொடங்கி, சேச்சி வீட்டில் கிறிஸ்மஸ் நட்சத்திரம் தொங்கவிட்ட சமயம், ஒரு காலையில் சொட்டு நாக்கில் பட்டதும் என் கண் தானாக மூடிக்கொண்டது. காது வரைக்கும் புளிப்பு. இன்னொரு சொட்டு விட்டுப் பார்த்தேன். கிறுகிறுப்பு பேருக்கும் இல்லை.

அவர் வண்டியைத் தள்ளப் புறப்படுகிற நேரம். ஒரு தம்ளர் வெந்நீரில் ஒரு கரண்டி விட்டு எடுத்துக்கொண்டு வந்தேன். வாங்கவில்லை. தம்ளரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“நெசமாவே புளிச்சிட்டா?”

“புளிச்சிட்டு.”

“நீ சொன்னாச் சரி,” என்று கயிறு கட்டிய கையால் வாங்கி ஒரே மடக்காகக் குடித்தார். முகம் அஷ்டகோணலாகி, உடம்பை ஒரு உதறு உதறினார். பிறகு சிரித்தார் பாருங்கள், கண்ணில் தண்ணீர் வர, வாசலில் நின்று, சந்தே கேட்கும்படி. “ஸாதனா அம்மா இதையா தெனமும் குடிக்காங்க?” என்றார். முதல் குப்பி அவர்களுக்குத்தான் போனது.

அன்று சாயங்காலம் அவர் வந்து படியில் நின்றார். குனிந்தார்.

“இனிமே வேண்டாம். உள்ள வாங்க,” என்றேன். நாள் முழுக்க யோசித்து வைத்திருந்தேன், இதைச் சொல்ல வேண்டும் என்று. அவருக்கு நான் கொடுக்கக்கூடியது வேறு என்ன இருக்கிறது?

அவர் உள்ளே வரவில்லை.

“ஏன், என்னாச்சு?”

“சுர்க்கா ஆனா நம்புறேன்னு சொன்னேன்ல. நம்புறேன். இனிமே ஊத வேண்டாம்.”

குனிந்தபடியே மணிக்கட்டுக் கயிற்றை விரலால் திருகினார்.

“நீ நம்புவ. நான் என்னைய நம்பணும்லா?” என்றார். “சாயங்காலம் வண்டியத் தள்ளிக்கிட்டு வாரப்ப, அந்தக் கடைகிட்ட வந்ததும் கால் நின்னுரும் வள்ளி. தெனமும் நிக்கும். வீட்டு வாசல்ல நீ மோந்து பாக்க நிப்பியேன்னு நெனச்சித்தான் அடுத்த அடி எடுத்து வைக்கேன். அத எடுத்துராத.”

புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, படியில் எப்போதும் நிற்கிற இடத்தில் போய் நின்றேன்.

“ஊதுங்க,” என்றேன்.

ஊதினார். வெற்றிலை, சாயா, அதற்கடியில் காலையில் குடித்த புளிப்பு லேசாக. நகர்ந்து வழி விட்டேன்.